ஷெபீல்டுக்குத் திரும்பிய பேனாக்கத்தி

சில ஊர்களின் பெயரைப் பூமிசாத்திரப் புத்தகத்திலே படித்தறிகின்றோம். சில ஊர்களைப் பெரியோர் சொல்லக் கேட்டறிகின்றோம். ஷெபீல்ட் என்னும் பெயரை நான் முதன்முதல் அறிந்தது ஒரு கத்தியின் அலகிலே. ஆங்கில எழுத்துக்களைக் கூட்டி வாசிக்கப் பழகிய வயதில், ஐயாவின் பேனாக்கத்தியை வெளிச்சத்துக்குப் பிடித்து, அலகின் அடியிலே குறுணியரிசி அளவிற் பொறித்திருந்த எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கூட்டினேன். ஜோசப் றொட்ஜர்ஸ் அன் சன்ஸ்; மாட்சிமை தங்கிய மன்னருக்குக் கத்தி செய்வோர்; ஷெபீல்ட், இங்கிலாந்து. பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் ஒரு சிலுவையும். அந்தக் கத்தியை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்கே போவேன் என்று அன்று எவரேனும் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். சென்ற ஐப்பசியிற் போய்வந்தேன்.

கத்தியின் கதையை முதலிற் சொல்லிவிடுகிறேன். மலாயாவிற் புகையிரதப் பகுதியில் உத்தியோகம் பார்த்த என் பாட்டனார், பென்சன் பெற்று யாழ்ப்பாணம் திரும்பியபோது கொண்டுவந்த சாமான்களுள் இதுவும் ஒன்று. பிடி மரைக்கொம்பு. அலகுகள் இரண்டு, ஒன்று பெரிது, மற்றது சிறிது. ஐயா உபாத்தியாயராக இருந்த காலம் முழுவதும் இது அவர் சட்டைப்பையை விட்டு இறங்கியதில்லை. பிள்ளைகளின் பென்சில் சீவுவதும், கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வெட்டுவதும், சுருட்டின் நுனியைக் கிள்ளுவதும் இதனாலேதான். 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமமே பெயர்ந்து நடந்தபோது, வேட்டி மடியில் இதுவும் நடந்தது. தென்மராட்சியில் ஒரு பாடசாலைக் கொட்டிலில் ஒண்டியிருந்த நாள்களில், யாரோ கொடுத்த தகரப்பேணி ஒன்றை ஐயா இதனாலே திறக்க முயன்றார். உள்ளேயிருந்த வில் “டக்” என்று முறிந்தது. பால்மா வெளியே வந்தது. அன்றிலிருந்து பெரிய அலகு நிமிர்ந்து நிற்பதில்லை, செத்த பறவையின் கழுத்தைப் போலத் தொங்கும். பின்னர் ஊர்க் கம்மாலையிற் கொண்டுபோய்க் காட்டியபோது, மண்வெட்டிக்கும் கோடரிக்கும் பேர்போன அந்த மனிதர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்த வில்லுக்குரிய பதம் என்ரை கையிலை இல்லை, வாத்தியார்” என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஐயா 2003இல் காலமானார். கத்தி மேசை லாச்சியிற் கிடந்தது.

இங்கிலாந்தில் ஆசிரியையாகப் பணிபுரியும் என் மருமகள் அழைத்தபோது, அதைப் பெட்டிக்குள் வைத்தேன். விமானத்தில் கையோடு கொண்டுசெல்ல விடமாட்டார்கள் என்பதால், சாரத்தில் சுற்றி, ஒப்படைக்கும் பெட்டியின் அடியில் வைக்க வேண்டியதாயிற்று. இலண்டன் சென் பாங்கிராஸ் நிலையத்திலிருந்து ஷெபீல்டுக்கு ஏறக்குறைய இரண்டு மணித்தியாலப் பயணம். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கண்முன் நிற்பது உருக்கினாலான ஒரு பெருஞ்சுவர். ஏறக்குறைய 90 மீற்றர் நீளம். அலகு போலவே வளைந்து கூர்ந்து செல்கிறது. அதன் மேல் தண்ணீர் வழுக்கி ஓடிக்கொண்டே இருக்கிறது. தன் பிழைப்பு எதுவென்று வாயிலிலேயே சொல்லி வரவேற்கும் ஊரை நான் இதற்கு முன் கண்டதில்லை.

பிழைப்பு என்று சொல்வது ஓரளவுக்குத்தான் பொருந்தும். இன்று அங்கே பல்கலைக்கழக மாணவர்களே எங்கும் தென்படுகிறார்கள். ஜோர்ஜ் ஓர்வெல் 1937இல் வெளியிட்ட நூலில், பழைய உலகிலேயே அவலட்சணமான நகரமென்ற பெயருக்கு இந்நகரம் உரிமை கோரலாம் என எழுதினார். அவர் கண்ட புகை இன்று இல்லை. மேற்கே மலைகள் பச்சையாய் எழுகின்றன. நகரசபை எல்லையின் மூன்றிலொரு பங்கு தேசியப் பூங்காவுக்குள் அடங்குகிறதாம்.

கத்தித் தொழில் இங்கே ஏன் வந்து குடியேறியது என்பதற்கு நிலமே விடை சொல்லும். டொன், ஷீவ், றிவலின், லொக்ஸ்லி, போர்ட்டர் என ஐந்து ஆறுகள் மலையிலிருந்து விரைந்திறங்குகின்றன. ஷீவ் ஆற்றின் பெயரே ஊருக்கும் ஆயிற்று. சாணைக்கல்லைச் சுழற்ற நீர்; சாணைக்கல்லாகவே வெட்டியெடுக்க மலையிலே மணற்கல்; உலைக்குக் கரி. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியிலே ஆங்கிலக் கவிஞர் சோசர், தம் கதையொன்றில் வரும் ஆலைக்காரனின் காலுறையிலே ஒரு ஷெபீல்ட் கத்தியைச் செருகிவிட்டிருக்கிறார். ஆகவே அப்போதே பெயர் பரவியிருந்தது தெளிவு. 1624இல் பாராளுமன்றச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட கத்தி செய்வோர் சங்கம் இன்றும் இருக்கிறது. பேராலயத்துக்கு எதிரே 1832இல் எழுந்த அதன் மண்டபமும் இருக்கிறது. மணிக்கூடு செய்பவராயிருந்த பெஞ்சமின் ஹன்ஸ்மன், தமது மணிக்கூட்டு வில்லுக்கு நல்ல உருக்குத் தேடி, 1740களிலே மூசையில் உருக்கை உருக்கும் முறையைக் கண்டதும் இவ்வூரின் அயலிலேதான். கறைபடா உருக்கை ஹரி பிறியர்லி 1913இல் வார்த்ததும் இங்கேதான்.

போர்ட்டர் ஓடைக்கரையிலே ‘ஷெப்பேர்ட் வீல்’ என்னும் பழைய சாணைப்பட்டறையைப் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள். நீர்ச்சக்கரம் சுழல, உள்ளே பட்டிகளும் சாணைக்கற்களும் சுழல்கின்றன. சாணை பிடிப்பவன் குதிரைமேல் இருப்பதுபோல் மரக்கட்டையின்மேற் காலை அகல வைத்துக் கல்லின் முன்னே குனிந்திருப்பான். கல்லிலிருந்து எழும் தூசு நேரே முகத்துக்கு வரும். எங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட நூலிலே ஷெபீல்ட் வைத்தியர் ஒருவரின் கூற்றை எடுத்தாண்டிருக்கிறார்: நீரில்லாமல் உலர்ந்த கல்லிலே தீட்டுபவர்களின் ஆயுள் சராசரி முப்பத்தைந்தை எட்டுவதே அரிது, ஈரக்கல்லிலே தீட்டுபவர்கள் நாற்பத்தைந்தைக் கடப்பது அரிது. சக்கரத்தின் சத்தம் காதுக்கு இதமாயிருந்தது. வெளியே வாத்துக்கள் நீந்தின. எங்கள் வீட்டுக் கத்தியைத் தீட்டியவன் எத்தனை வயதுவரை இருந்தானோ என்ற எண்ணம் வந்தபின் அங்கே நெடுநேரம் நிற்க மனம் வரவில்லை.

அடுத்த நாள் டொன் நதிக்கரையிலுள்ள கெலம் ஐலன்ட் நூதனசாலைக்குப் போனோம். ஐலன்ட் என்றால் தீவுதான். ஆனால் ஆலைக்கு நீர் கொண்டுபோக வெட்டிய வாய்க்காலினால் மனிதன் செய்த தீவு. அங்கே றொட்ஜர்ஸ் கம்பனியார் செய்த ‘ஆண்டுக் கத்தி’யைக் கண்டேன். 1822இல் அவ்வாண்டின் இலக்கத்துக்கேற்ப 1,822 அலகுகள் வைத்துச் செய்தார்களாம். பின்னரும் அலகுகளைச் சேர்த்துக்கொண்டே வந்தார்களாம். முள்ளம்பன்றி சிலிர்த்தாற்போல நிற்கிறது. இதே கம்பனியார் 1851ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த மகா பொருட்காட்சிக்கென்று 75 அலகும் கருவியும் கொண்ட ‘நோர்போக் கத்தி’யைச் செய்து, முத்துச்சிப்பியிற் பிடியும், அலகுகளிலே சித்திரவேலையும் வைத்தார்கள், அது கத்தி செய்வோர் சங்க மண்டபத்தில் இருக்கிறது. இரண்டும் கைத்திறமையின் உச்சிகள் என்பதில் ஐயமில்லை. ஆனாலும் ஒரு மாம்பழத்தைத்தானும் வெட்ட உதவாதவை. எனக்கு அவற்றிலும் மேலாகப் பிடித்தது அதே கட்டிடத்திலுள்ள ஹோலி சேகரிப்பு. கென் ஹோலி என்பவர் (1927-2014) கருவிகள் விற்கும் கடைக்காரர். பட்டறைகள் மூடப்பட மூடப்பட, ஆக்கிமுடித்த கருவிகளை மட்டுமன்றி, பாதியிலே நின்றுபோன துண்டுகளையும், அவற்றைச் செய்த கருவிகளையும், விலைப்பட்டியல்களையும் அள்ளிச் சேர்த்துவைத்தார். மற்றவர் குப்பை என்று எறிந்ததை அவர் அடுக்கினார். இல்லாவிட்டால் ஒரு கத்தி எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்ல இன்று ஊரில் ஆளிருந்தாலும் சாட்சி இராது.

றொட்ஜர்ஸ் பெயருக்கும் நமது தீவுக்கும் ஓர் உறவுண்டு. அந்நாளில் அவர்களின் சரக்கு இலங்கையிற் பெற்றிருந்த மதிப்பினால், ‘றொட்ஜர்ஸ்’ என்பதே சிறந்த தரத்தைக் குறிக்கும் சொல்லாகச் சிங்களத்தில் வழங்கிற்று என்று ஷெபீல்டின் தொழில் வரலாற்றை எழுதியோர் குறித்திருக்கின்றனர். என் சிங்கள நண்பர் எவரும் அப்படிச் சொல்ல நான் கேட்டதில்லை. பெயர் கெட்டியாயிருந்தபடியால் போலிகளும் மலிந்தன. 1887இல் வணிகக்குறிச் சட்டம் வந்ததற்குப் பிறநாட்டுக் கத்திகளில் ஷெபீல்ட் பெயரைக் குத்தி விற்ற மோசடியும் ஒரு காரணம்.

ஒரு காலத்தில் பல்லாயிரம் கைகள் செய்த இத்தொழில் இன்று விரல்விட்டு எண்ணத்தக்க சிலரிடம் நிற்கிறது. பெருங் கம்பனிகளுக்கு வெளியே, சிறு அறையொன்றை வாடகைக்கெடுத்துத் தனித்தோ ஓரிருவருடனோ தொழில் செய்தவர்களை அவ்வூரார் ‘லிற்றில் மெஸ்ரர்’ என்பர். சின்ன முதலாளி என்று பொருள்கொள்ளலாம். அவர்களுள் பெயர்பெற்றவர் ஸ்ரான் ஷோ. 1926இற் பிறந்தவர், பதினான்கு வயதில் ஒரு கத்திக் கம்பனியின் வாசலிற் போய் வேலை கேட்டு நுழைந்தவர், எழுபது ஆண்டுகளுக்கு மேலாக மடிப்புக்கத்தி ஒன்றையே செய்தார். அவர் கையால் ஒரு கத்தி பெறுவதற்கு உலகெங்கிலுமிருந்து சேகரிப்போர் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தனர். இறுதிக் காலத்திலே அவருடைய பட்டறை இந்த நூதனசாலையிலேயே இருந்தது. 2021இல், தொண்ணூற்று நான்காவது வயதில் மறைந்தார். கேட்ட மாத்திரத்தில் எனக்கு ஊர்க் கம்மாலையின் நினைவு வந்தது. அங்கே இப்போது கைத்தொலைபேசி திருத்துகிறார்கள்.

மருமகளின் பாடசாலையிற் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒருவர் கத்தி சேகரிப்பவர். அவர் எங்களைத் தேநீருக்கு அழைத்தார். சுவரோரமாக ஓர் அலுமாரி. அதில் ஆழமில்லாத பல லாச்சிகள். நீலத்துணியின்மேல் கத்திகள் உறங்கின. இன்றுள்ள கைவினைஞர் ஒரே அமைப்பிற் பத்தோ பன்னிரண்டோ செய்து நிறுத்திவிடுவார்கள் என்றும், அவற்றுக்கு இலக்கமிட்டு விற்பார்கள் என்றும், இலக்கம் மூன்றும் இலக்கம் ஏழும் ஒருபோதும் ஒன்றாயிரா என்றும் விளக்கினார். ஒரு கத்தியை எடுத்து என் காதருகே வைத்துத் திறந்தார். பாதியில் ஒரு சத்தம், முழுதும் திறந்ததும் இன்னொரு சத்தம். “இதன் நடையையும் பேச்சையும் கேளுங்கள்” என்றார். அலகு மூடியிருக்கையிலும், பாதி திறக்கையிலும், முழுதும் திறக்கையிலும் வில்லின் முதுகு பிடியின் முதுகோடு ஒரே மட்டமாக நிற்கவேண்டும். நகத்தை ஓட்டினால் எங்கும் தடக்கக்கூடாது. இயந்திரத்தாற் செய்தவற்றில் இந்த மூன்றும் ஒருங்கே அமைவது அருமையாம். கைவினைஞன் அரத்தினால் அராவி, பொருத்திப் பார்த்து, கழற்றி, மீண்டும் அராவி இதை அடைகிறான். விலையிற் பெரும்பகுதி இந்த அராவலுக்கே போகிறது.

யானைத்தந்தப் பிடியுள்ளவற்றைத் தனியே வைத்திருந்தார். 2022இல் நடைமுறைக்கு வந்த தந்தச் சட்டத்தின்பின் அவற்றுட் பெரும்பாலானவற்றை இனி விற்க இயலாது. வைத்திருக்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். மான்கொம்பு முன்பு இந்தியக் காடுகளில் உதிர்ந்து கிடந்ததைப் பொறுக்கி மூட்டை மூட்டையாகக் கப்பலேற்றி வந்ததாம். பிற்காலத்தில் இந்தியா அந்த ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. எங்கள் கத்தியின் மரைக்கொம்பு கீழைத்தேசத்தில் உதிர்ந்து, ஷெபீல்டுக்கு வந்து பிடியாகி, மலாயாவுக்குப் போய், யாழ்ப்பாணம் வந்து, இப்போது மறுபடி ஷெபீல்டைப் பார்த்திருக்கிறது. என்னைவிட அதிகம் பிரயாணம் செய்த கொம்பு.

“இவற்றில் எதையாவது பாவிப்பீர்களா?” என்று கேட்டேன்.

“அப்பிள்கூட வெட்டியதில்லை” என்றார் பெருமையோடு.

என் முகத்தைக் கண்டிருப்பார். சேகரிப்போர் வாங்காவிட்டால் இவ்வூரில் மடிப்புக்கத்தி செய்ய ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார் என்று சொன்னார். அது உண்மை. பிரித்தானியாவில் அழிந்துவரும் கைத்தொழில்களின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றிருக்கிறது. ஒரு தோட்டக்காரனோ படகோட்டியோ கைவேலைக் கத்திக்கு இன்றைய விலை கொடுத்து வாங்கமாட்டான். ஏழையின் சட்டைப்பையிற் பிறந்த தொழிலைப் பணமுள்ளவனின் லாச்சிதான் காப்பாற்றி வருகிறது. இது எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. ஆனால் வேறு வழியும் தோன்றவில்லை.

ஐயாவின் கத்தியைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மன்னர் பட்டயத்தின் எழுத்தைக்கொண்டு ஐந்தாம் ஜோர்ஜ் காலம் என்றார். அதாவது 1910இற்குப் பின். அலகு தீட்டித் தீட்டிப் பாதியாய்த் தேய்ந்திருப்பதால் சேகரிப்போரிடம் பெரிய விலை போகாது என்றும், ஆயினும் திருத்தக் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னார். புது வில் போட்டால் அது பழைய கத்தி ஆகாதாம். மருமகளும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டாள். “மாமா, வில் முறிந்த கதைதானே இந்தக் கத்தி. அதையும் திருத்திவிட்டால் என்ன மிஞ்சும்?” என்றாள். படித்த பிள்ளை கேட்ட கேள்வி; அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

ஆயினும் மறுநாள் அவரே தந்த முகவரிக்குப் போனோம். செங்கற்கட்டிடம் ஒன்றின் முற்றத்தைத் தாண்டி, தேய்ந்த படிகளில் ஏறினால் ஒரு சிறிய அறை. சன்னலோரம் பட்டறைமேசை, எண்ணெய், கொம்புத்தூள் மணம். நாற்பது வயது மதிக்கத்தக்க மனிதர், கைகள் கறுத்திருந்தன. கத்தியைத் திறந்தார், மூடினார், அசைத்துப் பார்த்தார். “திருத்தலாம். ஆனால் ஆணிகளைத் தட்டிக் கழற்றவேண்டும். கொம்பு நூறு வயசுக் கொம்பு, வெடிக்கலாம். வெடிக்காது என்று நான் சொல்லமாட்டேன்” என்றார். முந்தின நாள் கேட்ட அறிவுரையை அவருக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “அவர் சொன்னதிற் பிழையில்லை. வைத்துப் பார்க்க வேண்டுமானால் இப்படியே நல்லது. வெட்டவேண்டுமானால் வில் வேண்டும். எது வேண்டுமென்று நீங்கள்தான் சொல்லவேண்டும்.”

ஐயா அந்தக் கொட்டிலிலே, முறிந்த கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு இருந்த இருப்பு எனக்கு நினைவு வந்தது. வீட்டை விட்டு வந்ததற்கு அழாதவர், அன்று மற்றப் பக்கம் திரும்பி இருந்தார். “திருத்துங்கள்” என்றேன்.

மூன்று நாளின் பின் மறுபடி போனோம். ஒரு பக்கக் கொம்பிலே மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அவர் அதை மறைக்காமல் முதலிலேயே காட்டிவிட்டார். பிறகு, கழற்றியபோது எடுத்த படமொன்றைக் காட்டினார். பித்தளைத் தகட்டின் உட்புறத்திலே, எவர் கண்ணிலும் படாத இடத்தில், மூன்று சிறு கீறல்கள். பல கத்திகளை ஒருங்கே செய்கையிற் பாகங்கள் மாறிப்போகாதிருக்க, அன்றைய தொழிலாளி இட்ட அடையாளமாயிருக்கலாம் என்றார். மூடும்போது அக்கீறல்களை அழிக்காமல் அப்படியே மூடிவிட்டாராம். தாம் இட்ட புது வில்லின் உட்புறத்திலும் ஒரு கீறல் இட்டிருப்பதாகச் சற்று நாணத்தோடு சொன்னார்.

பெரிய அலகைத் திறந்தேன். பாதியில் ஒரு சத்தம், முழுதும் திறந்ததும் ஒரு சத்தம். அந்த இரண்டாவது சத்தத்தை நான் 1995இற்குப் பின் கேட்டதில்லை. ஆனாற் காது மறக்கவில்லை. கூலியைக் கொடுத்தபின், முறிந்த பழைய வில்லை ஒரு கடதாசியிற் சுற்றித் தந்தார். மருமகள் அதைத் தான் வைத்துக்கொள்வதாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அவ்வூரிலே கத்தியைச் சும்மா கொடுத்தால் நட்பு அறுந்துபோகும் என்று ஒரு நம்பிக்கை. பெறுபவர் ஒரு செப்புக்காசாவது கொடுக்க வேண்டும். ஊர் திரும்பி, என் தம்பியின் மகனிடம் கத்தியைக் கொடுத்தபோது இதைச் சொன்னேன். அவன் பையைத் துழாவி ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றை என் கையில் வைத்துவிட்டு, வாசலிற் கிடந்த மாம்பழத்தை எடுக்கப் போனான்.